கல்லடைப்பு: எப்போது பொறுக்கலாம்? எப்போது ஓட வேண்டும்?

(கோவில்பட்டியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

தலைப்பை அறிவித்ததும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். 'ஹஜ்ரத்துக்குப் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லையா? கல்லடைப்பைப் பற்றி மேடை போட்டா பேசுவார்கள்?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சிரித்த சகோதரர்களுக்கு இதுவரை கல்லடைப்பு வந்ததில்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. விலாவில் ஆரம்பித்து, அடிவயிற்றுக்கு இறங்கி, தொடை இடுக்கு வரை பாய்கிற அந்த வலியை அனுபவித்தவர் இங்கே முன்வரிசையிலும் இருக்கிறார். அவர் சிரிக்கவில்லை. பிள்ளை பெற்ற வலியையும் இந்த வலியையும் சேர்த்துக் கண்ட தாய்மார்கள், இரண்டில் இதுதான் மோசம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் மதரஸாவில் ஓதியவன். மருத்துவம் படித்தவனல்ல. என்றாலும் ஊரடங்கு நாட்களில் ஜமாஅத் வேலையாக வாகனம் ஏற்பாடு செய்வதும், இ-பாஸுக்கு விண்ணப்பிப்பதும், நோயாளியின் வீட்டாருக்குத் தைரியம் சொல்வதுமாக அலைந்தவன். அப்போது மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது கூட்டம் போட்டுப் பேச அனுமதி இருக்காது. ஆகவே இப்போதே பேசிவிடுவோம்.

நோய்கள் லீவு போடவில்லை

2020 மார்ச் 24 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். மறுநாள் மதுரை அரசு மருத்துவமனையில் தமிழகத்தின் முதல் கொரோனா மரணம். அன்றிலிருந்து தொலைக்காட்சியைத் திறந்தால் கொரோனா, செய்தித்தாளைப் பிரித்தால் கொரோனா. சரி, கொரோனா வந்துவிட்டது என்பதற்காக மற்ற நோய்களெல்லாம் லீவு போட்டுவிட்டுப் போய்விட்டனவா? மாரடைப்பு நின்றதா? சர்க்கரை இறங்கியதா? பிரசவம் தள்ளிப் போனதா?

நமது பகுதிக்கு இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொண்டது. ஊரடங்கு கடுமையாக இருந்த ஏப்ரல், மே, ஜூன் மாதங்கள்தாம் கல்லடைப்புக்கும் காலம். வெயில் ஏற ஏற உடம்பின் நீர் வியர்வையாகப் போகிறது, சிறுநீர் கெட்டிப்படுகிறது, அதில் கரைந்திருக்கும் கால்சியமும் ஆக்சலேட்டும் படிகமாகச் சேர்ந்து கல்லாகின்றன. உலகம் முழுவதும் வெப்பமான மாதங்களில் இந்த நோயாளிகள் கூடுகிறார்கள். கரிசல் பூமியின் கோடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் மத்தியானம் நிலம் வெடித்துக் கிடக்கும்போது நிழலுக்கு ஒரு வேலிக்கருவையைத் தவிர வேறென்ன இருக்கிறது?

'நம்ம ஊர் உப்புத் தண்ணியாலதான் கல்லு வருது' என்று சொல்லாத ஆள் இல்லை. மருத்துவர்கள் அதை அவ்வளவு பெரிய காரணமாகச் சொல்வதில்லை. தண்ணீரின் உப்பைவிட, தண்ணீர் குடிக்காததுதான் முதல் காரணம் என்கிறார்கள். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியாக வந்தாலும் அதைக் குடிக்க வேண்டுமே! தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை? குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். அதற்கு இடம் சரியில்லை. கடைவீதியில் கல்லாவில் உட்காருகிற நமது வியாபாரிகளின் கதையும் அதுதான். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் லுஹருக்குத்தான் எழுந்திருக்கிறார்கள். இடையில் நான்கு டீ. கல்லாவில் உட்கார்ந்தே கல்லை வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

எல்லோரும் காத்திருக்கலாமா?

ஊரடங்கில் மருத்துவமனைகள் என்ன செய்தன? அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளி வைத்தன. உலகம் முழுவதும் அப்படித்தான். படுக்கை வேண்டும், மயக்க மருந்து மருத்துவர் வேண்டும், பிராணவாயு வேண்டும். 2021 மே மாதம் பிராணவாயுவுக்கு நாடு பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். அதற்காக நமது மாவட்டத்து ஸ்டெர்லைட் ஆலையின் பிராணவாயுப் பிரிவையே இயக்க உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. அந்த நிலைமையில் 'உங்கள் கல்லை இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்று மருத்துவர் சொன்னால் அதில் குற்றம் காண முடியாது.

ஆனால் யாரைத் தள்ளி வைப்பது, யாரைத் தள்ளி வைக்கக் கூடாது என்பதில்தான் உயிர் இருக்கிறது. மருத்துவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு மருத்துவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. ஊரடங்கில் மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தது யார்? வீட்டில் இருந்த அண்ணனும் தம்பியும்தானே!

முதலில் பொறுத்திருக்கக் கூடியவர்களைப் பார்ப்போம். சிறுநீரகத்துக்குள்ளேயே வலியில்லாமல் கிடக்கிற கல் பெரும்பாலும் காத்திருக்கும். சிறுநீர்க்குழாயில் இறங்கிய கல் 5 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ இருந்தால், மூன்று பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு அது தானாகவே வெளியே வந்துவிடும். 5-லிருந்து 10 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். வலி மாத்திரையில் கட்டுப்படுகிறது, வாந்தி நிற்கிறது, காய்ச்சல் இல்லை, சிறுநீர் போகிறது என்றால் வீட்டில் இருக்கலாம். சிறுநீரைத் துணியில் வடிகட்டி, கல் விழுந்தால் எடுத்து வைத்து மருத்துவரிடம் காட்டலாம்.

இங்கே ஒரு ஏமாற்று வித்தை இருக்கிறது, கவனியுங்கள். வலி நின்றால் கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை! கல் குழாயில் அசையாமல் உட்கார்ந்துகொண்டு அடைத்தால் சில நாளில் வலி மரத்துப் போகும். நாம் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுவோம். உள்ளே சிறுநீரகம் வீங்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும். ஆகவே கல்லைக் கண்ணால் பார்க்காதவர்கள், வலி நின்றாலும் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். 2020-ல் 'பஸ் ஓடட்டும், பார்க்கலாம்' என்று விட்டவர்கள் நிறைய.

ஒரு மணி நேரமும் பொறுக்கக் கூடாதவர்கள்

கல் உள்ளவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அது அவசரம். இரவு இரண்டு மணியானாலும், ஊரடங்கானாலும், பெருநாள் காலையானாலும் அவசரம்தான். காரணத்தைக் கேளுங்கள். அடைபட்ட சிறுநீரகத்துக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிக்கிறது. வெளியேற வழியில்லாத சீழ் அழுத்தத்தோடு நிற்கிறது. அங்கிருந்து கிருமி இரத்தத்துக்குள் இறங்குகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது, புத்தி தடுமாறுகிறது, ஒவ்வொரு உறுப்பாக நிற்கிறது. அடைப்பை எடுக்காமல் ஊசி மருந்தை மட்டும் ஏற்றினால், மருந்து அந்தச் சீழுக்குள் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் பிளீச்சிங் பவுடரைத் தூவி என்ன பயன்? முதலில் அடைப்பைக் குத்திவிட வேண்டும்.

அதற்குப் பெரிய அறுவைச் சிகிச்சை தேவையில்லை. சிறுநீர்ப்பை வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீரகம் வரை ஏற்றி வைக்கிறார்கள். இரண்டு முனையும் சுருண்டிருக்கும் அந்தக் குழாய்க்கு டி.ஜே. ஸ்டென்ட் என்று பெயர். அல்லது ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் குழாய் செருகி வடிய விடுகிறார்கள். பல நேரங்களில் முழு மயக்கம் கொடுக்காமலேயே இவற்றைச் செய்துவிட முடிகிறது. கல்லைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். கொள்ளைநோய்க் காலத்துக்கென்றே அமைந்தது போன்ற வழி இது: உயிரை இன்று காப்பாற்றிக்கொள், கல்லுக்குத் தேதி வாங்கிக்கொள்.

காய்ச்சல் மட்டுமல்ல. ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு வந்தாலும், இரண்டு பக்கமும் அடைத்தாலும், சிறுநீரே வராமல் நின்றாலும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு வந்தாலும் அப்படித்தான். மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காத வலி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, இவையும் அந்த வரிசையில்தான் சேரும். சர்க்கரை நோயாளிகள் இன்னும் கூடுதலாக உஷாராக இருக்க வேண்டும்.

2020 மார்ச், ஏப்ரலில் கொரோனாவால் முதலில் சீரழிந்த இத்தாலியில் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கல்லடைப்புக்காக அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆனால் வந்தவர்களில் நிலைமை சிக்கலானவர்கள் கூடியிருந்தார்கள். அதாவது நோய் குறையவில்லை, பயந்துகொண்டு வீட்டிலேயே கிடந்து முற்றிய பிறகு வந்தார்கள். இத்தாலிக்காரருக்கே இந்த நிலைமை என்றால் கயத்தாறு பக்கத்துச் சகோதரருக்கு எப்படி இருந்திருக்கும்?

எதற்குப் பயந்தோம்?

பயந்தது எதற்கு என்பதையும் ஒளிக்காமல் பேசுவோம். காய்ச்சல் என்று போனால் கொரோனா என்பார்கள். வீட்டுக்குத் தகரம் அடிப்பார்கள், கடையைச் சீல் வைப்பார்கள், தெருவே ஒதுங்கிப் போகும். இந்தப் பயம் எல்லாச் சமுதாயத்துக்கும் இருந்தது. நமக்கு ஒரு படி கூடுதல். 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்களைக் காரணம் காட்டி, முஸ்லிம்கள்தாம் நோயைப் பரப்புகிறார்கள் என்று சில தொலைக்காட்சிகள் இரவும் பகலும் ஓலமிட்டனவே, மறந்துவிட்டீர்களா? தொப்பி போட்டவர் இருமினால் பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்ற நாட்கள் அவை. வெளிநாட்டு தப்லீக் சகோதரர்கள் மீதான வழக்குகளை மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்ட் 21 அன்று ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதைக் குறிப்பிட்டது. தீர்ப்பு வந்தது. ஏப்ரலில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தவருக்கு ஆகஸ்டில் வந்த தீர்ப்பால் என்ன பயன்?

அடுத்து, இரவில் வெளியே போகப் பயம். சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். இதோ, நமது ஊர்க் கிளைச் சிறையில்தான் அடைக்கப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகனும் 23 காலை தந்தையும் நமது ஊர் அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். அதன் பிறகு இருட்டிய நேரத்தில் மோட்டார் சைக்கிளை எடுக்க எந்த வியாபாரிக்குத் தைரியம் வரும்? வலியால் துடிக்கிறவரையும் 'விடியட்டும்' என்று படுக்க வைத்த வீடுகள் இருந்தன.

எனக்குத் தெரிந்த ஒரு பலசரக்கு வியாபாரி. ஊர் பெயர் வேண்டாம். ஏற்கனவே கல் இருந்தது அவருக்குத் தெரியும். அந்த ஜூன் மாதம் வலி வந்தது, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார். மூன்றாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல். வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டு கஷாயம் கொடுத்தார்கள். இரண்டு நாள் போயிற்று. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சோதனை முடிவு கொரோனா இல்லை என்று வந்தது. ஆனால் ஒரு பக்கச் சிறுநீரகம் சீழ் கட்டி வீணாகிவிட்டது. அல்லாஹ் உயிரை மிச்சப்படுத்தினான். இன்று ஒற்றைச் சிறுநீரகத்தோடு கடை நடத்துகிறார்.

ஆகவே தம்பிமார்களே, நோயாளியோடு மருத்துவமனை வாசலில் நிற்கும்போது 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லாதீர்கள். காய்ச்சல் என்று மட்டும் சொன்னால், கொள்ளைநோய்க் காலத்தில் காய்ச்சல் வரிசைக்குத்தான் அனுப்புவார்கள். அது அவர்கள் தவறல்ல. உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை இப்படி இருக்கட்டும்: 'இவருக்குக் கல் இருக்கிறது, இந்தப் பக்கம் வலி, நேற்றிலிருந்து குளிர் காய்ச்சல்.' பழைய ஸ்கேனைக் கையில் நீட்டுங்கள். கொரோனா சோதனையும் நடக்கட்டும், வயிற்று ஸ்கேனும் நடக்கட்டும். ஒன்றின் முடிவுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

மறந்து போன குழாய்

டி.ஜே. ஸ்டென்ட் உயிர் காக்கும் என்று சொன்னேன். அதற்கு ஒரு தவணை உண்டு. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் குழாயின் மேலேயே கல் படிய ஆரம்பிக்கும். ஒரு கல்லுக்காக வைத்த குழாய் முழுக்கக் கல்லாகி, இரண்டு முனையிலும் உருண்டை கட்டி, இழுத்தாலும் வராமல், ஒரு அறுவைச் சிகிச்சையில் முடிய வேண்டியது மூன்றாக நீளும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 2020 பிப்ரவரியில் ஒருவர் மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஊருக்கு வருகிறார். 'ஆறு வாரம் கழித்து வாருங்கள்' என்று சீட்டில் எழுதியிருக்கிறது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் பஸ் இல்லை, ரயில் இல்லை. நமது ஊர் இருக்கிற இடத்தைப் பாருங்கள். வடக்கே சாத்தூருக்குப் போனால் விருதுநகர் மாவட்டம். மேற்கே சங்கரன்கோவிலுக்குப் போனால் தென்காசி மாவட்டம். தெற்கே போனால் திருநெல்வேலி மாவட்டம். எந்தத் திசையில் போனாலும் மாவட்ட எல்லை! 2020 ஆகஸ்ட் முடியும்வரை பெரும்பாலான நாட்களில் அதைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். மருத்துவக் காரணத்துக்கு இ-பாஸ் உண்டுதான். ஆனால் ஸ்டென்டை எடுப்பது அவசரம் என்று நோயாளிக்கே தெரியாதே! வலி இல்லை, சும்மா கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டார்கள். சிலருக்கு உள்ளே குழாய் இருப்பதே தெரியாது. 'கல்லை எடுத்தாச்சு' என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கல் சிகிச்சை முடிந்து வருகிற ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைக் கேட்காமல் மருத்துவமனை வாசலைத் தாண்டக் கூடாது: 'உள்ளே குழாய் வைத்திருக்கிறீர்களா? எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்?' அந்தத் தேதியைக் கடை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வாராக் கடன் தேதியெல்லாம் நமக்கு மனப்பாடமாக இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் குழாயின் தேதி இருக்கக் கூடாதா?

பீரும் வைட்டமின் மாத்திரையும்

2020 மார்ச்சில் பிரான்ஸ் நாட்டு சுகாதார அமைச்சர், கொரோனாவுக்கு ஐபுபுரொஃபன் போன்ற மாத்திரைகள் ஆபத்து என்று எச்சரித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் பேச்சாளரும் தவிர்க்கலாம் என்றார், இரண்டொரு நாளில் அந்த நிறுவனமே 'தவிர்க்கச் சொல்லவில்லை' என்று மாற்றிச் சொன்னது. முதல் செய்தி வாட்ஸ்அப்பில் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது, இரண்டாவது போய்ச் சேரவில்லை. கல்லடைப்பு வலிக்கு மருத்துவர்கள் முதலில் கொடுப்பது டைக்ளோஃபெனாக் போன்ற அந்த வகை மருந்தைத்தான். மருத்துவர் சொன்னால் பயப்படாமல் போடுங்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்களும், வயதானவர்களும், வாந்தியெடுத்து வறண்டு கிடப்பவர்களும் கேட்காமல் மெடிக்கலில் வாங்கிப் போடக் கூடாது. அது சிறுநீரகத்தையே தாக்கும்.

இன்னொரு வேடிக்கை. எதிர்ப்பு சக்தி என்று சொல்லி வைட்டமின் சி மாத்திரையை மிட்டாய் மாதிரிச் சாப்பிட்டோமே! அளவுக்கு மீறிப் போகும் வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாக மாறுகிறது. கல்லின் செங்கல்லே அதுதான். சுவீடன் நாட்டு ஆண்களிடம் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கல் வந்த சரித்திரம் உள்ளவர் அதை மாதக்கணக்கில் சாப்பிடுவது சரியல்ல. எலுமிச்சம்பழச் சாறு குடியுங்கள். அதிலுள்ள சிட்ரேட் கல் சேர்வதைத் தடுக்க உதவுகிறது. உப்பு போடாமல் குடிக்க வேண்டும்.

இளைஞர்களே, 'பீர் குடித்தால் கல் கரையும்' என்று உங்கள் கூட்டாளிகள் சொல்லியிருப்பார்கள். மருந்து என்ற பெயரில் ஹராமுக்கு வாசல் திறக்கும் வேலை இது. மார்க்கத்தை விடுங்கள், மருத்துவமாவது ஒப்புக்கொள்கிறதா? அது எந்தக் கல்லையும் கரைக்காது. யூரிக் அமிலத்தைக் கூட்டும், பிறகு உடம்பை வறள வைக்கும். மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு சரிவர இயங்காத 2020 மே 7 அன்று டாஸ்மாக் கடைகள் திறந்தன. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி 16-ஆம் தேதி மறுபடியும் திறந்தது. அந்த வேகத்தில் பாதி வேகம் நோயாளிகளுக்குக் கிடைத்திருக்கலாம்.

வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளை, நெருஞ்சில் கஷாயம் எல்லாம் குடிக்கலாமா என்று கேட்பீர்கள். சித்த மருத்துவரைக் கேட்டுக் குடியுங்கள். காய்ச்சல் வந்த பிறகும் அதையே நம்பிக்கொண்டு கிடக்காதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது நான்கு சொம்புத் தண்ணீரை ஒரேயடியாகக் குடித்துக் கல்லைத் தள்ளிவிடலாம் என்பதும் தவறு. அடைபட்ட குழாய்க்கு மேல் தண்ணீரை ஏற்றினால் வலிதான் கூடும். தண்ணீர் வலியில்லாத நாட்களுக்கு உரியது. நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்பது கணக்கு. நமது வெயிலுக்கு மூன்று லிட்டருக்கு மேலேயே குடிக்க வேண்டியிருக்கும். சிறுநீர் தண்ணீர் நிறத்தில் போனால் சரி, மஞ்சளாகப் போனால் பற்றாது. பாலை நிறுத்த வேண்டியதில்லை, தக்காளி விதைக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஊறுகாய், கருவாடு, அப்பளம் இவற்றின் உப்பைக் குறையுங்கள், இறைச்சியை அளவோடு சாப்பிடுங்கள். நமது கடலை மிட்டாய்க்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு. ஊரடங்கில்தான், 2020 ஏப்ரலில், அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைப்படுவோம். ஆனால் நிலக்கடலையில் ஆக்சலேட் உண்டு. கல் உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, பாக்கெட்டை விருந்தாளிக்குக் கொடுங்கள்.

2020-ல் ரமளான் ஏப்ரல் 25-ல் தொடங்கியது. அக்னி நட்சத்திரமும் அதற்குள்ளேயே வந்தது. பள்ளிவாசல்கள் பூட்டியிருக்க வீட்டிலேயே தராவீஹ் தொழுதோம். கல்லடைப்பு வலியோடு நோன்பை விட மனமில்லாமல் இருந்தவர்கள் உண்டு. நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள மார்க்கமே சலுகை தந்திருக்கும்போது சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது தக்வா ஆகாது. அடைப்பு உள்ளவர், ஸ்டென்ட் வைத்திருப்பவர், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யட்டும். நோற்கிறவர்கள் நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடித்துக்கொண்டே இருக்கட்டும்.

ஜமாஅத் செய்ய வேண்டியது

கொரோனாவில் இறந்தவர்களைச் சொந்தப் பிள்ளைகளே தொடப் பயந்த நாட்களில், தமிழகம் முழுவதும் நமது இளைஞர்கள் கவச உடை போட்டுக்கொண்டு, மதம் பார்க்காமல், அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். நாடே பாராட்டியது. நான் கேட்பது இதுதான்: மையித்துக்கு ஓடிய அந்தக் கால்கள், உயிரோடு துடித்துக்கொண்டிருந்த நோயாளியின் வீட்டு வாசலுக்கும் ஓடியிருந்தால் எத்தனை மையித்துகள் குறைந்திருக்கும்?

அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மஹல்லாவில் யாருக்கு ஸ்டென்ட் இருக்கிறது, எடுக்கும் தேதி என்ன, யாருக்கு ஒற்றைச் சிறுநீரகம், யார் டயாலிசிஸ் செய்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்று எழுதி வைக்க வேண்டும். இது நோயாளியின் சம்மதத்தோடு, ஒருவர் பொறுப்பில் பூட்டி வைக்கப்பட வேண்டிய புத்தகம். டீக்கடையில் வாசிக்கிற புத்தகமல்ல. நமது தெருவில் இருக்கும் அண்ணாச்சி குடும்பங்களும் விரும்பினால் அவர்கள் பெயரும் அதில் இருக்கட்டும். ஊரடங்கு என்று அறிவிப்பு வந்த அன்றே இளைஞர்கள் அந்தப் பெயர்களுக்கெல்லாம் போன் செய்ய வேண்டும். தேதி நெருங்கியவருக்கு அனுமதிச் சீட்டு வாங்கி, வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

வணிகர்களில் கார், வேன் வைத்திருப்பவர்கள் வாரத்தில் ஓர் இரவு முறை வைத்துக்கொள்ளலாம். 108 கொள்ளைநோய்க் காலத்திலும் ஓடியது, ஆனால் அழைப்புகள் குவியும்போது தாமதமாகலாம். அப்போது கைவசம் ஒரு வண்டி வேண்டும். சின்னச் சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது. தொலைபேசி வழியாகவும் காணொலி வழியாகவும் மருத்துவம் பார்க்க 2020 மார்ச் 25 அன்றே மத்திய அரசு விதிமுறை வெளியிட்டது. இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசும் வசதி அப்போது வந்ததுதான். செல்போனில் படம் பார்க்கத் தெரிந்த தம்பிகள், அதில் பதிவு செய்யவும் கற்றுக்கொண்டு ஆளுக்கு ஐந்து பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாத, தகுதியுள்ள குடும்பங்களுக்கு அதை இப்போதே வாங்கிக் கொடுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நோட்டுப் புத்தகம் பள்ளிவாசல் அலுவலகத்தில் திறக்கப்படும். பெண்கள் விவரத்தைப் பெண்களே வீடு வீடாக வந்து எழுதிக்கொள்வார்கள். வருகிறவர்கள் ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் நகலையும், ஸ்டென்ட் வைத்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.